சென்னையில் வீடு, கம்பத்தில் கொடி: திராட்சை நோய்க்கு அரசு உதவி கேட்கும் வழி

நான் குடியிருப்பது மடிப்பாக்கம். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் பக்கம். நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பந்தலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருநாள் விடியற்காலையில் போன் செய்து, “தம்பி, இலையெல்லாம் செவட்டை அடிச்சிருச்சு, என்ன செய்யட்டும்?” என்றார். நான் உடனே உட்கார்ந்து தேடியது மானியத்தை. எந்தத் திட்டம், எந்த விண்ணப்பம், யாரைப் பார்ப்பது என்று தேடியதிலேயே நான்கு நாள் போனது. அதற்குள் பாதிக் கொத்து கருகிவிட்டது.

அந்த நான்கு நாளில் கற்றதுதான் இந்தக் கட்டுரை. திராட்சைக்கு அரசு தரும் உதவி இரண்டு வேகத்தில் ஓடுகிறது. என்ன நோய், என்ன மருந்து என்று சொல்வது இந்த வாரமே கிடைக்கும், காசும் கிடையாது. மானியம், வலை, சொட்டுநீர், காப்பீடு எல்லாம் மாதக்கணக்கில் நகரும். நோய் வந்த அன்று இரண்டாவதைத் தேடி ஓடினால் முதலாவதும் கை நழுவிப்போகும். என்னைப் போல ஊரில் கொடியும் சென்னையில் சம்பளமுமாக இருப்பவர்களுக்கும், புதிதாகப் பந்தல் வாங்க நினைப்பவர்களுக்கும் இதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

நோய்க்குச் சரியான பெயர் வைப்பது

எங்கள் பெரியவருக்கு இலை நிறம் மாறினால் எல்லாமே செவட்டைதான். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் மருந்து எழுதித் தர முடியாது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையை அதிகம் படுத்துகிற மூன்று பூஞ்சண நோய்களை நீங்கள் சென்னையிலிருந்தே போட்டோவில் பிரித்துப் பார்க்க முடியும்.

அடிச்சாம்பல் நோய் என்றால், இலையின் மேல்பக்கம் எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் திட்டு தெரியும். அதே இடத்துக்கு நேர் கீழே, அடிப்பக்கத்தில், காலை நேரத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்ந்திருக்கும். மழையும் பனியும் இலையை ஈரமாகவே வைத்திருக்கும் நாட்களில் வரும். வந்தால் சில நாட்களில் பந்தல் முழுக்கப் பரவும். சாம்பல் நோய் வேறு. இலையின் இரண்டு பக்கமும், மணியின் மேலும் மாவு தூவியது போல இருக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டும். முற்றினால் மணி வெடிக்கும். மூன்றாவது பறவைக்கண் நோய். மணியில் வட்டப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் கறுத்து, பார்ப்பதற்குப் பறவையின் கண் மாதிரியே இருக்கும். இலையில் புள்ளி காய்ந்து ஓட்டையாகும்.

முதல் இரண்டின் பெயரிலும் சாம்பல் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) நன்றாகக் கேட்கும். அடிச்சாம்பலுக்கு அதை அடித்தால் காசும் நாளும்தான் வீண். நான் முதல் முறை செய்தது அதுதான். அனுப்பிய போட்டோக்கள் எல்லாம் இலையின் மேல்பக்கம். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே பந்தலில் இருப்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: ஒரே இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், ஒரு கொத்து, ஒரு தண்டு, பந்தலின் கீழே நின்று பொதுவாக ஒன்று. ஐந்து போட்டோ, காலை எட்டு மணிக்குள். கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு) எத்தனை நாள், கடைசியாக மழை பெய்தது எப்போது, கடைசியாக அடித்த மருந்து எது என்ற மூன்று விவரத்தையும் கூடவே எழுதி வாங்குங்கள். அடிச்சாம்பலா என்று சந்தேகம் இருந்தால் ஓர் இலையை ஈரத் துணியோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இரவு முழுக்கக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். அந்த நோயாக இருந்தால் காலையில் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பஞ்சு கிளம்பியிருக்கும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியைக் கண்டுபிடிப்பது எளிது: கொத்துக்குள் வெள்ளையாக மாவு அப்பியிருக்கும், எறும்பு ஏறும். இலைப்பேன் மணியில் சொறி போலத் தழும்பு விடும்.

இந்த வாரமே யாரைக் கேட்பது

தேனி மாவட்டக்காரர்களுக்கு ஒரு பாக்கியம், திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருக்கிறது. இராயப்பன்பட்டியை ஒட்டி ஆனைமலையன்பட்டியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. தோட்டத்தில் வேலை செய்பவர் பாதிக்கப்பட்ட இலை, கொத்தோடு நேரில் போவதுதான் சிறந்த வழி. இலையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்து வெயிலில் எடுத்துப்போனால் போய்ச் சேருவதற்குள் அழுகி, பார்ப்பவருக்கு எதுவும் தெரியாமல் போகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும், காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் அடுத்த கதவுகள்.

சென்னையில் உட்கார்ந்தபடி நீங்கள் செய்யக்கூடியது: கிசான் கால் சென்டர், 1800-180-1551. கட்டணமில்லை, காலை ஆறு முதல் இரவு பத்து வரை, தமிழில் பேசலாம். ‘திராட்சையில் நோய், என்ன செய்வது’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மேலே சொன்ன மூன்று விவரத்தோடு கேட்டால் பதிலின் தரமே மாறும். ஒன்றிய அரசு 2024 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறைக்கு ஒரு செயலி உண்டு. பாதித்த இலையின் போட்டோவை ஏற்றினால் பூச்சி, நோயை அடையாளம் காட்டும். அதை முதல் கருத்தாக வைத்துக்கொண்டு மனிதரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்வது என் பழக்கம். தமிழக அரசின் உழவன் செயலியில் உங்கள் கிராமத்துக்குரிய அலுவலரின் விவரமும் வருகை நாளும் இருக்கும். அந்த ஒரு விவரத்துக்காகவே செயலியைப் போனில் வைத்திருக்கலாம்.

வானிலைத் துறை செவ்வாய், வெள்ளிகளில் வேளாண் வானிலை அறிவுரை வெளியிடுகிறது. மேகதூத் செயலியில் மாவட்டவாரியாக வரும். நாளை மறுநாள் மழை என்று தெரிந்தால் இன்று அடிக்கும் மருந்தை எதற்கு அடிக்கிறோம் என்று யோசிக்க ஓர் அவகாசம். எனக்கு எல்லா மானியத்தையும் விட அதிகம் மிச்சப்படுத்திக் கொடுத்தது இந்த இலவச அறிவுரைதான்.

காகிதம்: யார் பெயரில் இருக்கிறது நிலம்?

சரி, இப்போது மெதுவாக நகரும் பக்கம். தோட்டக்கலைத் துறையின் எந்தத் திட்டத்துக்கும் கேட்கும் காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற விவரம்), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், போட்டோ. ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ளவர்கள் தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்றும் வாங்கி வைத்துக்கொண்டால் பல திட்டங்களில் கூடுதல் சலுகை. இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2025 முதல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தருகிறார்கள், அதையும் எடுத்துவிடுங்கள்.

சென்னைவாசிகள் சறுக்குவது இங்கேதான். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா போய் இருபது வருடம். அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு ஊரில். வாரிசுச் சான்று, எல்லோருடைய சம்மதம், பட்டா மாறுதல் என்று இது ஒரு வருடத்தைத் தின்னும். எந்தத் திட்டத்துக்கு மனு போடலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் இதைத் தொடங்குங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எல்லோரும் ஊரில் கூடுகிற நாளில் கையெழுத்தை வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். அப்புறம் பிடிக்க முடியாது.

இரண்டாவது சறுக்கல், அடங்கல். நிலத்தில் திராட்சை இருந்தாலும் அடங்கலில் வேறு பயிரோ தரிசோ எழுதியிருந்தால் அலுவலகத்துக்கு உங்களிடம் திராட்சை இல்லை. கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து இந்தப் பசலிக்கு (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) திராட்சை என்று பதிவாகியிருக்கிறதா என ஒவ்வோர் ஆண்டும் உறுதி செய்யுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால், மானியத்துக்கு மனு போடப்போவது நீங்களா அவரா என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் உறவும் கெடும்.

எந்தத் திட்டத்தில் என்ன கிடைக்கும்

சேப்பாக்கத்தில் தோட்டக்கலைத் துறையின் தலைமை அலுவலகம் இருக்கிறது என்பதால் அங்கே போனால் வேலை சீக்கிரம் முடியும் என்று நானும் நினைத்தேன். மெரினா காற்று வாங்கலாம், அவ்வளவுதான். பயனாளியைத் தேர்வு செய்வது நிலம் இருக்கும் வட்டாரம். உங்கள் ஆள் அங்கேயுள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர். அவருக்குக் கீழே தோட்டக்கலை அலுவலர், உதவி தோட்டக்கலை அலுவலர். பந்தலுக்குள் வந்து பார்ப்பவர் கடைசியில் சொன்னவர். பதிவை டி.என்.ஹார்ட்நெட் இணையதளத்தில் மடிப்பாக்கத்திலிருந்தே போடலாம். ஆனால் பதிவு போட்ட கையோடு அந்த உதவி அலுவலரிடம் ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள்.

ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றிய-மாநிலத் திட்டத்தில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கு உதவி உண்டு. 2014-ல் வந்த விதிமுறைப்படி செலவில் 30 சதவீதம், ஹெக்டேருக்கு அதிகபட்சம் 1,200 ரூபாய், ஒருவருக்கு 4 ஹெக்டேர் வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏக்கருக்கு ஐந்நூறு ரூபாய்கூட வராது. 2025-ல் விதிமுறையைத் திருத்தியிருக்கிறார்கள். இப்போதைய தொகையை வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் உங்கள் பந்தல் அலுவலரின் சுற்றில் வந்துவிடும், பயிற்சிக்கும் செயல்விளக்கத்துக்கும் கூப்பிடுவார்கள்.

உண்மையில் காசு தெரிவது வேறு மூன்று இடத்தில். ஒன்று, பறவை வலை, ஆலங்கட்டி வலை. அதே 2014 விதிமுறையில் சதுர மீட்டருக்கு 35 ரூபாய் என்று கணக்கிட்டு அதில் பாதி, 5,000 சதுர மீட்டர் வரை. 5,000 சதுர மீட்டர் என்பது ஒன்றேகால் ஏக்கர் சுமார். அதாவது 87,500 ரூபாய் வரை. பறவை கொத்திய மணியில்தான் அழுகல் முதலில் நுழையும் என்பதால் இதையும் நோய்த் தடுப்பாகவே நான் கணக்கில் வைக்கிறேன். இரண்டு, சொட்டுநீர். தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கட்டும் பந்தலில் கீழே எப்போதும் புழுக்கம், பூஞ்சணத்துக்கு அது மெத்தை. மூன்று, விசைத்தெளிப்பான் போன்ற கருவிகள். வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர்க்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். இதற்கு வேளாண் பொறியியல் துறையில் கேட்க வேண்டும். தோட்டக்கலை அலுவலகத்தில் மனுவோடு நின்றால் அங்கே போகச் சொல்வார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை பின்னேற்பு மானியம். முதலில் நீங்கள் செலவு செய்து, அலுவலர் வந்து பார்த்து, பில்லைச் சரிபார்த்த பின் பணம் வங்கிக்கு வரும். ஒப்புதல் ஆணை கைக்கு வருவதற்கு முன்னால் வலையை வாங்கிக் கட்டிவிட்டால் அந்தப் பில் செல்லாது. ஆர்வக்கோளாறில் இதைச் செய்து, கட்டிய வலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது மனு போடுவது? நிதி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. திட்டத்தின் அந்த ஆண்டு இலக்கு வட்டாரங்களுக்குப் பிரிந்து வர ஒன்றிரண்டு மாதம். ஆகவே ஜூனுக்குள் காகிதம் தயாராக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். அடிச்சாம்பல் மும்முரமாக இருக்கும் அந்த மாதத்தில் போடும் மனு அந்த மழைக்கு உதவாது. பன்னீர் திராட்சையில் கவாத்திலிருந்து அறுவடை வரை நான்கு மாதம் சுமார். வலை வேண்டுமானால் மணி நிறம் திரும்புவதற்கு முன் கட்டியாக வேண்டும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

மருந்துக்கடையில் நிற்கும்போது

சட்டமும் ஒரு பாதுகாப்புத்தான். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மருந்து விற்க உரிமம் வேண்டும், பில் தர வேண்டும், டப்பாவோடு துண்டுப் பிரசுரம் இருக்க வேண்டும். பந்தலில் இருப்பவரிடம் பில் வாங்காமல் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மருந்து போலி என்று சந்தேகம் வந்தால் புகார் செய்ய அந்தப் பில்தான் ஆதாரம். டப்பாவில் உள்ள நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: சிவப்பு கடும் நச்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். அதைவிட முக்கியம், பிரசுரத்தில் திராட்சை என்று பயிர்ப் பெயர் அச்சாகியிருக்கிறதா, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது. கோயம்பேட்டில் கூடையிலிருந்து எடுத்த திராட்சையைக் கழுவாமல் வாயில் போடுகிற குழந்தையை நினைத்துக்கொண்டு அந்த நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

மானியமே இல்லாமல் ஆகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடிச்சாம்பலுக்கும் பறவைக்கண் நோய்க்கும் பல்கலைக்கழகம் இன்றும் பரிந்துரைக்கும் ஒரு சதவீத போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய அரிவாளை அதில் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்கணும். அன்றன்றைக்குக் கலந்து அன்றே அடித்துவிட வேண்டும். பிரான்சில் போர்டோ பகுதித் தோட்டக்காரர்கள் சாலையோரக் கொடியில் திருட்டுக்குப் பயந்து இதைத் தெளித்து வைக்க, அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் வராததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து 1885-ல் வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து!

மாவுப்பூச்சிக்கு கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டைக் கொடிக்குப் பத்து வீதம் விடச் சொல்கிறது பல்கலைக்கழகப் பரிந்துரை. வண்டு எங்கே கிடைக்கும் என்று ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். வண்டு விட்ட வாரத்தில் கடும் பூச்சிமருந்து அடித்தால் அதுவும் சேர்ந்து சாகும். கவாத்து சமயத்தில் தண்டில் உரியும் பட்டையைச் சுரண்டி எரித்தால் பாதி முட்டை அதோடு போய்விடும். இதற்கு அரசும் வேண்டாம், கடையும் வேண்டாம்.

காப்பீடு

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடப்பில் இருக்கிறது; தோட்டப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். ஆனால் அந்தப் பருவத்துக்கு உங்கள் மாவட்டத்தில், உங்கள் பிர்காவில் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) திராட்சை அறிவிக்கப்பட்டிருந்தால்தான் சேர முடியும். பிரீமியம் கட்டும் முன் அந்த அறிவிக்கையைப் பாருங்கள். இழப்பைப் பகுதி முழுக்கச் சேர்த்து மதிப்பிடுவார்கள் என்பதால், உங்கள் பந்தல் மட்டும் போய் ஊர் தப்பித்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

புதிய கொடி நடுபவர்களுக்கு

பக்கத்துத் தோட்டத்துக் குச்சியை வெட்டி வந்து நடுவது நம் வழக்கம். குச்சியோடு வைரஸும் வந்தால் எந்த மருந்துக்கும் அது அடங்காது. இதற்காகவே ஒன்றிய அமைச்சரவை 2024 ஆகஸ்ட்டில் தூய நடவுப்பொருள் திட்டத்துக்கு 1,765.67 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. ஒன்பது மையங்களில் திராட்சைக்கானது புனேயில், தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்தில். அங்கிருந்து தூய குச்சி நம் கைக்கு வரும்வரை, குச்சி எடுக்கும் தாய்க்கொடியை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டிவிட்டு எடுங்கள்.

கலிபோர்னியாவிலிருந்து வரும் மைத்துனர் பெட்டியில் இரண்டு குச்சி போட்டுக்கொண்டு வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி இல்லாமல் நடவுப்பொருள் உள்ளே வரக்கூடாது. மீனம்பாக்கத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அதற்கான நிலையம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கொடிகளோடு போன பிலாக்சரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது இப்படித்தான்.

மனு நின்றுவிட்டால்

பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு முதலில் வட்டார உதவி இயக்குநர், அசையாவிட்டால் மாவட்டத் துணை இயக்குநர். அப்புறம் மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். சென்னையிலிருந்து அனுப்பும் எந்த மனுவும் கடைசியில் அந்த வட்டார அலுவலகத்துக்கே பதில் கேட்டுப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் அந்த அலுவலரிடம் ஐயா, அம்மா என்று பேசிப் பழகிய உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் புகார் எழுதுங்கள்.

மாடியில் ஒரே ஒரு தொட்டித் திராட்சை வைத்திருக்கும் சென்னைக்காரர்களுக்கு இந்த மானியம் எதுவும் பொருந்தாது. ஆனால் 1800-180-1551 உங்களுக்கும் எடுக்கும். பேசுவதற்கு முன் இலையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.